வானம் ஏன் நீலம்?

மாணவர்களே! "வானம் ஏன் நீல நிறமாக இருக்கிறது?" என்று எல்லா ஊர்க் குழந்தைகளும் கேட்பர். தில்லியில் வாழும் நாம் அதனோடு இன்னொரு வினாவையும் கேட்டல் வேண்டும்: "நம் வானம் பல நாள்கள் ஏன் நீலமாக இல்லை?" முதல் வினாவின் விடையை அறிந்தோரே இரண்டாம் வினாவைத் தெளிவுடன் கேட்க இயலும் என்பது என் கருத்து.

கதிரவனின் வெண்ணிற ஒளியில் பல நிறங்கள் அடங்கியுள்ளன. நீல ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 450 நானோமீட்டர். சிவப்பு ஒளிக்கோ ஏறத்தாழ 700. காற்றின் மூலக்கூறுகள் இவற்றைவிட மிகமிகச் சிறியவை. அவை அலைநீளம் குறைந்த ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. ஊதா ஒளி இன்னும் மிகுதியாகச் சிதறினும், நம் கண்கள் அதனைக் குறைவாகவே உணர்கின்றன. ஆகவே வானம் நீலமாகத் தோன்றுகிறது. இதனை விளக்கியவர் இங்கிலாந்து அறிஞர் ராலே.

கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்றும் ராலே கருதினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் அதனை அப்படியே ஏற்கவில்லை. 1921ஆம் ஆண்டு கப்பலில் தாயகம் திரும்புகையில், மத்தியதரைக் கடலை ஒரு சிறு பட்டகத்தின் வழியே நோக்கினார். எதிரொளிக்கும் ஒளியை விலக்கிய பின்னரும் நீலம் மறையவில்லை. அங்குத் தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வு, 1928இல் 'இராமன் விளைவு' என மலர்ந்தது. 1930இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. பெரியோர் கூற்றாயினும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, நம் வானத்தைக் காண்போம். வாகனப் புகை, கட்டுமானத் தூசு, அறுவடைக்குப் பின் வயல்களில் தாள் எரிப்பதால் எழும் புகை ஆகியன குளிர்காலத்தில் கலையாமல் தங்கிவிடுகின்றன. இத்துகள்கள் மூலக்கூறுகளைவிடப் பன்மடங்கு பெரியவை. அவற்றுள் பெரியவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறச் செய்வதால், வானம் வெளிறிச் சாம்பல் நிறம் கொள்கிறது. 2024 நவம்பரில் பள்ளிகள் இணையவழியில் நடைபெற்றமைக்கும் இம்மாசே காரணம்.

"பெருநகரம் என்றால் அப்படித்தான்" என்பர் சிலர். நான் உடன்படேன். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கிய சில நாள்களிலேயே தில்லியில் தெளிந்த நீலவானம் தோன்றியது. அப்போது எண்ணற்றோர் பிழைப்பிழந்து ஊர் திரும்பினர். அத்தகைய விலை கொடுத்து நீலத்தைப் பெறுதல் முறையன்று. எனினும், மாசு மனிதரால் வருவது, மனிதரால் குறைக்கத்தக்கது என்பதை அந்நாள்கள் மெய்ப்பித்தன.

ஆதலின், மாணவர்களே, நாள்தோறும் வானத்தின் நிறத்தையும் அன்றைய காற்றுத்தரக் குறியீட்டையும் ஏட்டில் குறித்து வாருங்கள். விடுமுறையில் தாத்தா பாட்டி ஊருக்குச் செல்லும்போது அங்குள்ள வானத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்டால் காரணம் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கேளுங்கள்.