கல்வெட்டில் ஏறாத பெயர்கள்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

உத்திரமேரூர்க்காரன் என்று சொன்னால் போதும், "ஓ, குடவோலை ஊரா?" என்று கேட்காதவர் இல்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றி மேடையில் முழங்காத தலைவர் இல்லை; பேச்சுப் போட்டியில் முழங்காத மாணவரும் இல்லை. நானும் முழங்கிப் பரிசு வாங்கியவன்தான். ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் பயின்றிருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். அந்நாளில் வாழ்ந்த என் முன்னோர்க்கு இவற்றுள் வயது ஒன்றுதான் இருந்திருக்கும். அதுவும் எத்தனை என்று அவர்களுக்கே தெரிந்திராது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கதையை விடுங்கள். என் பாட்டனார் பிறந்த நாள் இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏரி உடைந்த ஆண்டு என்பார் ஒருவர். அதற்கு மறு ஆண்டு என்பார் இன்னொருவர். என் தந்தையின் பிறந்த தேதி, பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் தாமே கணக்குப் பண்ணிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் பிறந்தவுடன் பெயர் ஏட்டில் ஏறியது என் தலைமுறையில்தான். கல்லூரிப் படி ஏறியவனும் நான்தான் முதல். ஆகவே யாருடைய பெயர் எழுதப்படுகிறது, யாருடைய பெயர் விடப்படுகிறது என்பது எனக்கு வெறும் வரலாற்றுப் பாடம் அன்று.

நிற்க. என்னோடு படிக்கும் நண்பன் ஒருவன் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்தவன். அவனுடைய பாட்டி 1990இல் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தபோது கொண்டுவந்த சில பொருள்களுள் பழுப்பேறிய தாள் ஒன்றும் இருந்தது. பங்குக் கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்று அது. பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், பிறந்த நாள், தலையில் தண்ணீர் ஊற்றிய நாள் – அனைத்தும் அதில் இருக்கின்றன. அந்தப் பாட்டியின் தகப்பனார் கரைவலை இழுத்துப் பிழைத்தவர். வலை இழுத்தவர் மகளுக்குப் பிறந்த நாளை எழுதி வைத்த ஏடு ஒன்று அந்தக் கடற்கரையில் இருந்திருக்கிறது! அந்த வியப்பில்தான் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் அந்தச் சமயத்தவன் அல்லன். ஆனாலும் எனக்குப் பட்டதைத் துணிந்து எழுதுகிறேன். அந்தப் பங்குகளின் மெய்யான வரலாறு மணிக்கூண்டுகளில் இல்லை. ஆயர்களின் படங்களிலும் இல்லை. அங்கே பெட்டிக்குள் இருக்கும் பெயரேடுகளில் இருக்கிறது.

பங்கு என்னும் சொல் நம்மில் பலருக்குப் புதிது. ஒரு குருவானவர் பொறுப்பிலுள்ள ஊர்களும் குடும்பங்களும் சேர்ந்தது ஒரு பங்கு. 1563இல் திரெந்து சங்கம், திருமணத்தையும் ஞானஸ்நானத்தையும் பங்குதோறும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று விதித்தது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இறப்பு ஏட்டையும் குடும்ப ஏட்டையும் அதனோடு சேர்த்தது. மணத்துக்கு ஆகாத உறவா என்று பார்ப்பதற்கும், யார் எந்தக் குடும்பம் என்று அறிவதற்கும் ஏற்பட்டவை இவை. வரலாறு எழுதுவதற்கென்று யாரும் இவற்றை வைக்கவில்லை. அதனால்தான் நான் இவற்றைக் கூடுதலாக நம்புகிறேன்.

இந்தப் பங்குகள் போரோடு பிறந்தவை. இதை மூடி மறைத்து எழுதும் வரலாறு எனக்கு உடன்பாடில்லை. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறித்தவரான மக்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி வெட்டிக் கொன்றான். சமயம் மாறியவர்கள் போர்த்துக்கேய அரசனின் குடிகளாகி விடுவார்கள் என்பது அவன் அச்சம். 600 பேர் மாண்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. எண் வந்து சேர்ந்திருக்கிறது, பெயர்கள் வரவில்லை. பின்னர் 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். 1621இல் அவர்களுடைய தளபதி பிலிப் தெ ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். அந்த ஆட்சியின் நிழலில்தான் யாழ்ப்பாணத்தின் ஊர்களில் கோயில்கள் எழும்பின, பங்குகள் பிரிக்கப்பட்டன. வாளைக் கண்டு தண்ணீர் ஏற்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். மனம் ஒப்பி ஏற்றவர்களும் இருந்திருப்பார்கள். எவர் எவ்வாறு என்று இன்றைக்கு நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் 1658இல் ஒல்லாந்தர் வந்தபோது அந்த மக்களுக்கு ஒரு சோதனை வைக்கப்பட்டது. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை. கோயில்கள் ஒல்லாந்தச் சபையின் கோயில்களாயின. பல்தேயு என்ற ஒல்லாந்தப் போதகர் 1672இல் வெளியிட்ட நூலில் அந்தக் கோயில்களைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். குழந்தைக்குப் பெயரிடவும் மணம் முடிக்கவும் அவர்களுடைய சபைக்குப் போனால்தான் சட்டம் ஒப்புக்கொள்ளும். சமயம் மாற்றியவர்கள் ஓடிவிட்டார்கள். இனி மாறியவர்கள் பழையபடி ஆகிவிடுவார்கள் என்றுதானே எண்ணத் தோன்றும்? அப்படி நடக்கவில்லை. 1658 முதல் 1687 வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், குருவானவர் இல்லாமலே சனங்கள் செபமாலையைக் கைவிடாதிருந்தனர். 1670இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்க் குடியேறிய இடமே மருதமடு என்பது மரபு. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாய்ப் பிச்சை எடுத்து, அதைக் கண்டு கண் கலங்குவோர் யார் என்று பார்த்துத் தம் மக்களை இனம் கண்டார் என்பார்கள். அவருக்குப் பின்னும் எல்லா ஊருக்கும் குருக்கள் போதவில்லை. செபம் சொல்லிக் கொடுத்ததும், சாகக் கிடந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியதும், பிணத்தை அடக்கம் செய்ததும் மூப்பர் என்றும் அண்ணாவியார் என்றும் அழைக்கப்பட்ட ஊர் ஆட்களே. பங்கின் வரலாறு குருக்களின் வரலாறு அன்று என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினர். 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் வந்து சேர்ந்தனர். பள்ளிகள் எழுந்தன, 1876இல் "சத்தியவேத பாதுகாவலன்" இதழ் தொடங்கியது. 1981இல் மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று. இவையெல்லாம் எந்த மலரிலும் கிடைக்கும். நான் சொல்ல விரும்பும் செய்தி வேறு. வட்டுக்கோட்டையில் போர்த்துக்கேயர் வைத்த கோயில் ஒல்லாந்தர் கைக்குப் போய், அதன்பின் அமெரிக்க மிஷன் கைக்குப் போயிற்று. அந்த மிஷன் அங்கே நடத்திய செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிறேன் என்று நாம் நிமிர்ந்து நடக்கும்போது அவரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இனிப் போன நூற்றாண்டின் போருக்கு வருகிறேன். 1981 ஜூன் முதல் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. தூரத்திலிருந்து அந்தத் தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர் நீத்தார். எழுதி வைத்ததைக் கொளுத்துவதும் ஒருவகைப் போர் என்பதை அன்றே காட்டிவிட்டார்கள். 1993 நவம்பரில் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. 1995 ஜூலை 9இல் நவாலிப் புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் மேல் விமானப்படை குண்டு போட்டது; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 30இல் யாழ்ப்பாணமே காலியாகி இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தனர். 1999 நவம்பர் 20இல் மடுக் கோயில் வளாகத்தில் எறிகணை விழுந்து 40 பேரளவில் இறந்தனர். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. 1670இல் ஒருமுறை ஓடிவந்த மாதா மறுபடியும் ஓடினார்.

வீட்டோடு காகிதங்களும் எரிந்துபோன குடும்பத்துக்கு, "நான் இன்னார் மகன், இன்ன ஊரில் பிறந்தேன்" என்று காட்ட என்ன இருக்கிறது? அங்கேதான் பங்கு ஏடு பேசுகிறது. என் நண்பனின் பாட்டி கொண்டுவந்த தாளை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பது இப்போது விளங்கும். நாடு, வீடு, தோணி மூன்றும் போனபின் அவரிடம் மிஞ்சிய ஒரே சாட்சி அது.

கணிதம் படிக்கும் என்னை உலுக்கிய செய்தி இனிமேல்தான் வருகிறது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில், இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். போர் முடிந்தபின், 2009 ஜூலை வரையில், அரசுக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததாக ஐ.நா. அலுவலகம் காட்டியோர் 2,82,380 பேர். மீதி 1,46,679. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குத்தான் இது. இத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. "இவர்களுக்கு என்ன ஆயிற்று, சொல்லுங்கள்" என்று மட்டுமே கேட்டார். இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று அதே ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. எந்த எண் சரி என்று அடித்துச் சொல்ல நான் யார்? ஆனால் ஆயருக்கு இந்தக் கணக்கு எப்படித் தோன்றியது என்று எண்ணிப் பார்க்கிறேன். பிறந்தாரையும் இறந்தாரையும் தனித்தனி ஏட்டில் எழுதிப் பழகிய கூட்டத்தில் வந்தவர் அவர். ஓர் ஏட்டில் இருக்கிற பெயர் மற்ற ஏட்டிலும் இல்லை, ஊரிலும் இல்லை என்றால், ஆள் எங்கே என்று கேட்காமல் அவரால் எப்படி இருக்க முடியும்? 2021 ஏப்ரல் முதல் நாள் அவர் காலமானார். அவர் கேட்டதற்கு விடை வரவில்லை.

ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் பேசுவது மாணவனுக்கு அழகன்று. போரின் கடைசி மாதங்களில் வலைஞர்மடம் ஆலயத்தில் ஒதுங்கியிருந்த இளைஞர்களை விடுதலைப் புலிகள் வலுக்கட்டாயமாகப் படைக்குப் பிடித்துச் சென்றதையும் அதே ஐ.நா. குழு எழுதியிருக்கிறது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் சில மணி நேரக் கெடுவில் வெளியேற்றினர். அந்தப் பள்ளிவாசல்களின் கதையும் எழுதப்படாத வரையில் அந்த நகரத்தின் வரலாறு முக்கால் பங்குதான். பங்கு ஏடுகளும் மாசு மறுவற்றவை அல்ல. சாதியைக் கோயிலுக்குள்ளும் கொண்டுபோனது நம் தமிழ்ச் சமூகம். கல்லறையிலும் அதை விட்டபாடில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே சுவர் எழுப்பியவர்கள் நாம்.

என் குறை மலர்களைப் பற்றியது. நூற்றாண்டு விழா மலர் எதையாவது புரட்டிப் பாருங்கள். ஆயரின் ஆசியுரை, பங்குத்தந்தையர் பட்டியல், கோபுரத்துக்கு ஆன செலவு, நன்கொடையாளர் பெயர் – தீர்ந்தது. கல் சுமந்த மீனவப் பெண்கள் எங்கே? குண்டு விழுந்த நாளில் மணியடித்துச் சனங்களை வெளியேற்றியவன் யார்? கத்தோலிக்கரை மட்டும் சொல்லவில்லை. நம் ஊர்க் கும்பாபிஷேக மலரும் இதே கதைதான். உபயதாரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ஊர்த் தச்சர் பெயர் இராது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) போன்ற பெரியார் யாழ்ப்பாணத் திருச்சபை வரலாற்றை ஆராய்ந்து எழுதி வைத்தார். மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்து, இரயில்வே எழுத்தராயிருந்து துறவு பூண்டவர் அவர். அவரைப் போன்றோர் போட்ட பாதையில் அடுத்த அடி, பங்குதோறும் உள்ள ஏடுகளைப் படம் பிடித்து இரண்டு மூன்று ஊர்களில் பத்திரப்படுத்துவதாகவே இருக்க வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வரும் "நூலகம்" நிறுவனம் இருக்கும்போது, இது ஆகாத காரியம் அன்று. உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்றால் நூறு ஆண்டுக்கு முந்திய ஏடுகளிலிருந்து தொடங்கலாமே.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நண்பருக்கு ஒரு சொல். இங்கிருந்து பேருந்தில் எட்டிவிடும் தூரத்தில் வந்தவாசி இருக்கிறது. 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே மோதினர். காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூர் இருக்கிறது. 1780இல் ஐதர் அலி, திப்புவின் படை அங்கே கம்பெனிப் படையை முறியடித்தது. தளபதிகளின் பெயர்களைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். படை நடந்த வயல்களில் உழுதவர் ஒருவரது பெயரை நம்மில் யாராவது சொல்ல முடியுமா? ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் குளத்தைத் தூர் வாருவதோடு, முகாம் நடக்கும் ஊரில் எண்பது வயதைக் கடந்தவர்களிடம் உட்கார்ந்து, அவர்களுக்கு நினைவிருக்கும் மூன்று தலைமுறைப் பெயர்களையும், செய்த தொழிலையும், பட்ட பஞ்சத்தையும் எழுதி வாங்க எங்களுக்கு ஒரு பிற்பகல் ஒதுக்க வேண்டும். செலவு ஒன்றுமில்லை, ஆளுக்கொரு எண்பது பக்க நோட்டுத்தான். நான் என் பாட்டனாரிடமிருந்து தொடங்கிவிட்டேன். தம் பாட்டியின் பெயர் வரைக்கும் சொன்னார். அதற்கு மேல் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் அவருக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேள் என்றார்.