முதற்குரல் எம்மொழியில்?

முதுகுன்றத்தை வடமொழியிற் பெயர்த்து விருத்தாசலம் ஆக்கினர். நாமும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். ஊர்ப்பெயருக்கு நேர்ந்ததே இன்று தொலைபேசிக்கும் நேர்கின்றது. தமிழர் ஒருவர் வைப்பகத்தையோ வணிக நிறுவனத்தையோ அழைத்தால், பல இடங்களில் முதலில் ஒலிப்பது ஆங்கிலம், அடுத்து இந்தி, தமிழோ ஏதோவொரு கடைசி எண்ணில் ஒடுங்கி நிற்கும். கேட்டால், "பொறி அப்படித்தான் பேசும்" என்பர். பொய்!

பொறிக்கு ஏது தாய்மொழி? தொலைபேசி இணைப்புக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று குரலைக் கைமாற்றும் கருவியைக் குரல்வாயில் என்போம். அதனுள் விதிகளை எழுதுபவன் மாந்தனே. இன்ன எண்ணில் தொடங்கும் அழைப்பை இவ்வழி விடு என்பது ஒரு விதி. இன்னதை உள்ளே விடாதே என்பது மற்றொன்று. இரு விதிகள் பொருந்தினால், மிகுதியான இலக்கங்கள் ஒத்துவரும் விதியையே கருவி தேரும். 04க்கு ஒரு விதியும் 04143க்கு ஒரு விதியும் இருப்பின், முதுகுன்றத்து எண் இரண்டாவதன் வழியே செல்லும். அழைப்பவர் எண்ணைக் கண்டு ஊரையே பிரித்தறியும் கருவிக்கு, அவ்வூரார்க்குத் தமிழை முதலில் ஒலி என்று ஒரு விதி எழுத முடியாதா? கைப்பேசி எண்ணில் ஊர் தெரியாதே என்பர். தமிழ்நாட்டு அலுவலகத்தை அழைப்பவர்க்குத் தமிழை முன்வைக்க எந்த ஊர்க்குறியும் வேண்டுவதில்லை!

தடுப்பதற்கும் விதிதான். 140இல் தொடங்கும் எண்கள் விற்பனை அழைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. பீங்கான் பட்டறையார் சூளையருகே நிற்கையில் கடன் வேண்டுமா என்று வரும் அழைப்பைத் தம் குரல்வாயிலிலேயே மறுக்கலாம்; 'அழைப்பு மறுக்கப்பட்டது' எனும் 21ஆம் குறியை அதற்கு விடையாய் அனுப்பலாம். கருவி இல்லாதார் 1909ஐ அழைத்துத் தடை பதியலாம்.

ஏமாற்றுக்காரரைத் தடுப்பதில்தான் நடுவணரசின் இந்திப் பற்று பல்லிளிக்கின்றது. 2023இல் அது திறந்த தளத்தின் பெயர் சஞ்சார் சாத்தி; ஐயத்துக்குரிய அழைப்புகளை முறையிட 2024இல் சேர்த்த பகுதியின் பெயர் சக்சு. தமிழ்க் காதுக்குச் சாத்தி என்றால் கதவைச் சாத்துவதன்றோ! சேமிப்பைப் பறிகொடுக்க இருக்கும் மூதாட்டி இப்பெயர்களை எங்ஙனம் நினைவிற் கொள்வார்?

தில்லி திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. முதுகுன்றத்துத் தொழிற்பேட்டையார், கருவி அமைக்க வருவோரிடம் கூலி கொடுக்குமுன் தாமே வெளியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்க்கட்டும். முதற்குரல் தமிழாக இல்லையேல், அங்கேயே அமர்த்தி விதியை மாற்றி எழுதச் சொல்லட்டும்.