கல்வெட்டைக் காணாத வரலாற்றுக் கல்வி

இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளில் சோழர் காலம் பெரும்பாலும் மூன்று படிகளில் பயிற்றப்படுகிறது. இளங்கலை மாணவர் உத்தரமேரூர்க் குடவோலை முறையைப் ‘பண்டைய மக்களாட்சி’ என மனப்பாடம் செய்கிறார். முதுகலையில், நீலகண்ட சாஸ்திரி காட்டிய மையப்பட்ட பேரரசையும் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் விரித்துரைத்த கூறாக்க அரசையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைகிறார். ஆய்வுக் கருத்தரங்கிலோ அவ்விருவரையும் மறுத்தோரை மேற்கோள் காட்டுகிறார். கல்வெட்டு மட்டும் எந்தப் படியிலும் அவர் கண்ணில் படுவதில்லை.

பட்டிருந்தால் முதலாண்டிலேயே ஐயம் பிறந்திருக்கும். முதற் பராந்தகன் காலத்து (கி.பி. 921) உத்தரமேரூர் ஆவணம், வாரியத்திற்கு உரியவர் யார் என்பதை வெளிப்படையாகவே கூறுகிறது. இறை செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். மந்திரப் பிராமணம் கற்றிருத்தல் வேண்டும். அரைக்கால் வேலியே உடையவராயினும் ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும் வல்லவரெனில் அவர் பெயரும் குடத்தில் இடப்படும். இது பிராமணர் ஊர்ச் சபை ஒன்றின் விதி. அங்கு உழுதோர்க்கும் நெய்தோர்க்கும் ஓலை இல்லை. அதே ஆவணம், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரையும் விலக்குகிறது. இக்கடுமை இன்றைய உள்ளாட்சிகள் அறியாதது! ‘மக்களாட்சி’ என்னும் ஒற்றைச் சொல் இவ்விரு செய்திகளையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பே போதும் என்பது வழக்கமான விடை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை 1890இல் தொடங்கியது. ஹுல்ஷ் பதிப்பித்த தொடக்கத் தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. பின்வந்த தொகுதிகளிற் பெரும்பாலானவை மூலத்தையே தருவன. மூலமொழி அறியாதார்க்கு அவை பூட்டிய பெட்டகங்கள். ஜப்பானியரான நொபொரு கராஷிமா தமிழ் கற்று, எ. சுப்பராயலு, மட்சுய் ஆகியோருடன் சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்டார். அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்ற மொழிப்பயிற்சியை இந்நாட்டு ஆய்வு மாணவர்க்குச் சுமை என்பது விந்தையே.

தமிழ்த் துறைகளும் இதில் குற்றமற்றவை அல்ல. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்குத் தனித்துறை உண்டு, அது விதிவிலக்கு. பிறவிடங்களில் கல்வெட்டுத் தமிழ் பெரும்பாலும் மொழி வரலாற்றுத் தாளில் விகுதிகளுக்கும் ஒலிமாற்றத்திற்கும் சான்றாக மட்டுமே நிற்கிறது. காராண்மை, இறையிலி, குடிநீக்கல் ஆகிய சொற்களுக்குப் பின்னிருந்த நிலவுறவு வரலாற்றுத் துறையின் பொறுப்பென்று ஒதுக்கப்படுகிறது. அத்துறையோ அச்சொற்களைப் படிக்கவே அறியாது.

மைசூரிலிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட்டபோது தமிழார்வலர் மகிழ்ந்தனர். படிகள் இருக்கும் இடம் பற்றிய அக்கறை, அவற்றைப் படிக்க வல்லார் எங்கு உருவாகின்றனர் என்னும் வினாவரை செல்லவில்லை. இடைக்காலத் தமிழகம் பற்றிய தாளைத் தேரும் முதுகலை வரலாற்று மாணவர்க்குக் கல்வெட்டு வாசிப்பு இரு பருவங்கள் கட்டாயமாதல் வேண்டும். இரு துறை ஆசிரியரும் ஒரே வகுப்பில் அதனை நடத்துதல் வேண்டும். ஒரு கல்வெட்டையேனும் மைப்படியிலிருந்து நேரே படித்துப் பொருள் கூற இயலாதவரின் சோழர் கால ஆய்வுத் தலைப்பு பதிவுக்கு ஏற்கப்படலாகாது.