சிவப்புக் கொய்யாவா, வெள்ளைக் கொய்யாவா?

கொய்யாப் பழத்தின் தோலைப் பார்த்து, உள்ளே சிவப்பா வெள்ளையா என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் புதுச்சேரி கடைத்தெருவில் ஒரு பழத்தை அறுத்துக் கூடையின் மேல் வைத்து விற்கிறார்கள். சிவப்புச் சதையைக் கண்டதும் வாங்குவோருக்கு ஆசை வருகிறது. சிவப்பில்தான் சத்து, வெள்ளையில் ஒன்றுமில்லை என்ற பேச்சும் உண்டு. இந்தப் பேச்சை நம்பி, நன்றாகக் காய்க்கும் வெள்ளைக் கொய்யா மரங்களைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பு வைக்கலாமா என்று யோசிக்கும் சிறு விவசாயி சற்று நிதானிக்க வேண்டும்.

கொய்யாவின் சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன் என்னும் நிறப்பொருள். தக்காளியையும் தர்ப்பூசணியையும் சிவப்பாக்குவது இதுவே. சிவப்புச் சதையுள்ள கொய்யாவில் 100 கிராமுக்கு சுமார் 5 மில்லிகிராம் லைக்கோபீன் உண்டு. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்கா கிரண்' ரகத்தில் இது 7 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. வெள்ளைக் கொய்யாவில் லைக்கோபீன் இல்லை என்றே சொல்லலாம். லைக்கோபீன் உடலுக்கு நல்லதுதான். ஆனால் அது உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறுவதில்லை. சிவப்பாக இருப்பதால் கண்ணுக்கு நல்லது என்று சொல்லி விற்பது சரியல்ல.

கொய்யாவின் பெருமையே வைட்டமின் 'சி' தான். இதில் வெள்ளை எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. இரு நிறத்திலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவில் இச்சத்து கிடைக்கிறது. இது ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ரகம், பருவம், பழுத்த பக்குவம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு கூடும், குறையும். நிறத்தைப் பொறுத்து அல்ல. நன்கு முற்றிப் பழுக்கத் தொடங்கும் நிலையில் சத்து நிறைந்திருக்கும். குழைந்து போனால் குறையும். இனிப்பும் அப்படியே. மழை நாளில் பறித்த பழம் எந்த நிறமானாலும் சப்பென்றுதான் இருக்கும்.

அப்படியானால் சிவப்பு வேண்டாமா? வேண்டும், கணக்குப் பார்த்து. பழச்சாறு, கூழ் தயாரிப்போர் நிறத்துக்காகச் சிவப்பை விரும்புவார்கள். நிலையாக வாங்கும் ஆள் இருந்தால் சிவப்பு லாபமே. வாங்கும் ஆள் யார் என்று தெரியாமல் மரத்தை வெட்டுவதுதான் நஷ்டம். புதுப் பதியன் நட்டால் காய்ப்புக்கு இரண்டு, மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அரை ஏக்கர் தோப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பம் அதுவரை எதைக் கொண்டு அடுப்பு மூட்டும்?

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் சில மரங்களில் மட்டும் செய்து பார்க்கலாம். வேரோடு பிடுங்கத் தேவையில்லை. கிளைகளை வெட்டிவிட்டு, வரும் புதுத் துளிர்களில் சிவப்பு ரகத்தை ஒட்டுக் கட்டலாம். புதிதாக நடுவோர் விதைக் கன்றை வாங்கக் கூடாது. சிவப்புப் பழத்தின் விதையில் வந்த கன்று தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்ற உறுதி இல்லை. பதியன் அல்லது ஒட்டுக் கன்றே நம்பகமானது. சந்தேகம் இருந்தால் குரும்பாப்பேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெளியலாம்.

வெள்ளைக் கொய்யா வைத்திருப்பவர் கூசிக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. பக்குவமாகப் பறித்து, அடிபடாமல் தரம் பிரித்து, ஒரு துண்டை அறுத்து வாங்குபவர் கையில் கொடுக்கட்டும். நிறம் கண்ணை இழுக்கும். மறுபடி வாங்க வைப்பது ருசிதான்.