எருவண்டிக்கு யார் பொறுப்பு?

நாமக்கல், பல்லடம் வட்டாரக் கோழிப்பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகக் கிளம்பும் எரு மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் வாழைக்கும் தென்னைக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். லட்சம் கோழிகள் உள்ள பண்ணையில் நாள்தோறும் 10 டன் சேர்ந்துவிடும். எருவை வாங்குபவர் எடை பார்க்கிறார், ஈரம் பார்க்கிறார், விலை பேசுகிறார். அந்தக் கோழிகளுக்கு என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதைத் தன் கடமையாகக் கொண்ட அரசுத் துறையும் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்காமல் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிரான போரில் வெல்ல முடியாது. எருவைத் தடை செய்யச் சொல்லவில்லை. அது விவசாயிக்கும் மண்ணுக்கும் செய்யும் துரோகம். ஆனால், மட்காத பச்சை எரு வயலுக்குப் போகக் கூடாது. பண்ணையில் கொடுத்த மருந்தின் விவரம் எருவோடு சேர்ந்து போக வேண்டும். இதற்கான செலவை, மருந்து கொடுக்க முடிவெடுத்தவர்தான் ஏற்க வேண்டும்.

கோழியோ மாடோ பன்றியோ, உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் முழுவதும் உடலுக்குள் கரைந்து மறைந்துவிடுவதில்லை. மருந்தின் வகையைப் பொறுத்து 30 முதல் 90 விழுக்காடு வரை எச்சத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது. டெட்ராசைக்ளின் களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு நீண்ட நாள் கிடக்கும். சல்ஃபா வகை மருந்துகள் தண்ணீரோடு எளிதில் நகரும். கோழிகளுக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளோக்சசினில் ஒரு பகுதி அவற்றின் உடலிலேயே சிப்ரோஃப்ளோக்சசினாக மாறுகிறது. மனிதர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

மருந்தின் மிச்சத்தைவிட ஆபத்தானது, அந்த மருந்திலிருந்து தப்பிப் பிழைத்த பாக்டீரியா. அதன் எதிர்ப்புத் திறனைத் தரும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. ஒரு வகை பாக்டீரியா இன்னொரு வகைக்கு இந்த வளையத்தைக் கடத்திவிட முடியும். கோழியின் குடலில் இருந்த ஈ.கோலை வயலில் நாலு நாளில் செத்துப் போகலாம்; சாகும் முன் தன்னிடமிருந்த மரபணுவை மண்ணிலேயே வாழும் பாக்டீரியாவிடம் விட்டுச் செல்லலாம். தீவனத்தில் சேர்க்கப்படும் தாமிரமும் துத்தநாகமும் எருவில் தங்கி இதே வேலைக்குத் துணைபோகின்றன. உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல நேரங்களில் ஒரே வளையத்தில் இருப்பதே காரணம். அந்த மண்ணில் வெறுங்கையால் எரு இறைக்கும் தொழிலாளிதான் முதலில் இவற்றைத் தொடுகிறார். கீரை, கொத்தமல்லி, பழையசோற்றுக்குக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயம் என்று பச்சையாக உண்பவை வழியாக அடுத்தவர்களுக்கும் அவை வரலாம்.

பண்ணைக்கும் மருத்துவமனைக்கும் இடையே பாதை உண்டு என்பதை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினையே முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைப் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் அவர்கள் கண்டார்கள். அதுவும் பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்வதுதான். 2017-இல் சீனா தீவனத்தில் கோலிஸ்டின் சேர்ப்பதை நிறுத்தியது. அதன்பின் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் கோலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் குறைந்தன. தீவனத் தொட்டியில் எடுக்கும் முடிவு நோயாளியின் படுக்கைவரை எட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான், பஞ்சாப் ஆகிய 4 மாநிலங்களில் 12 கோழிப்பண்ணைகளை ஆராய்ந்து 2017-இல் அறிக்கை வெளியிட்டது. பண்ணைக்குள் கிடந்த எருவிலும், அந்த எருவை இட்ட வயல் மண்ணிலும் கிடைத்த ஈ.கோலை பாக்டீரியாக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியாகப் பல மருந்துகளை எதிர்த்து நின்றன. தமிழகத்தின் கோழிப்பண்ணை மண்டலத்தில் இப்படியொரு தொடர் கண்காணிப்பு அவசியம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து இந்தப் பணியைக் கொடுப்பதில் அரசுக்கு என்ன தயக்கம்?

மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் நடக்கும் அத்துமீறலை விட்டுவிட்டு விவசாயி தலையில் கை வைப்பதா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதும், சாதாரணச் சளிக்கும் அதை எழுதித் தருவதும் இந்தச் சிக்கலின் பெரும்பங்கு. 2012-இல் மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் அதைத்தான் எச்சரித்தது. ஆனால் 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேரின் மரணத்துக்கு நேரடிக் காரணமான ஒரு சிக்கலில், ஒரு வாசலை அடைக்கும்வரை மறு வாசலைத் திறந்தே வைப்போம் என்பது வாதமாகாது.

இன்னொரு வாதமும் வரும்: மருந்தே கொடுக்காமல் வளர்த்த மாட்டின் சாணம் பாதுகாப்பானதுதானே? அப்படியும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஆன்டிபயாடிக் கொடுக்கப்படாத பசுக்களின் சாணத்தை மண்ணில் இட்டுப் பார்த்தார்கள். மண்ணில் ஏற்கெனவே இருந்த, மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சத்தை உண்டு பெருகின. ஆகவே மருந்தை நிறுத்துவது மட்டும் போதாது; எருவை முறையாக மட்கச் செய்வதும் வேண்டும். ஆனால் மட்கச் செய்வதும் முழு மருந்தல்ல. குவியலின் சூடு நோய்க்கிருமிகளையும் டெட்ராசைக்ளின் போன்றவற்றையும் பெருமளவு குறைக்கும். என்ரோஃப்ளோக்சசின் அடங்கிய ஃப்ளோரோகுவினோலோன் வகை மருந்துகளும் சில எதிர்ப்பு மரபணுக்களும் அதையும் தாண்டி மிஞ்சும். தீவனத்திலும் கட்டுப்பாடு வேண்டும், எருக்குழியிலும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எருவை ஆறவைப்பது நம் விவசாயிக்குப் புதிதல்ல. கோழி எரு சூடு, பச்சையாகப் போட்டால் பயிர் கருகும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்று ஒவ்வொரு எருவுக்கும் காலம் வகுத்த மரபு நம்முடையது. அந்த அறிவுக்கு வெப்பமானியும் நாள்கணக்கும் சேர்த்தால் போதும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், திறந்தவெளிக் குவியலில் 55 டிகிரி செல்சியஸ் சூடு 15 நாள் நிலைக்க வேண்டும், அதற்குள் 5 முறை கிளறிவிட வேண்டும் என்கின்றன. மட்காத எருவை இட்டால், மண்ணில் படும் காய்கறிகளை 120 நாளும் மண்ணில் படாதவற்றை 90 நாளும் கழித்தே அறுவடை செய்யலாம். இவை நோய்க்கிருமிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவைதான். ஆனாலும் நமக்குத் தொடக்கப்புள்ளியாக உதவும். கோழி எருவைத் தென்னை நார்க்கழிவோடு கலந்து மட்கவைக்கும் முறை தமிழகத்தில் அறியப்பட்டதே. தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்து போவதையும் அது குறைக்கிறது. எனவே மட்கிய எரு விவசாயிக்கு வெறும் செலவல்ல, கூடுதல் சத்து.

சட்டம் இன்று பாதி வழியில் நிற்கிறது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது, நல்ல முடிவு. இறைச்சியிலும் பாலிலும் முட்டையிலும் மருந்து எச்சத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்த வரம்பு தட்டுக்கு வரும் உணவுக்கு மட்டுமே. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை அங்கக உரத்தில் காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கு அளவு குறிக்கிறது. ஆன்டிபயாடிக் எச்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கொட்டகையோடு கால்நடைத் துறையின் வேலை முடிகிறது. வரப்பில்தான் வேளாண் துறையின் வேலை தொடங்குகிறது. நடுவில் போகும் எருவண்டி யாருக்கும் சொந்தமில்லை.

யார் செலவு செய்வது என்பதிலும் தெளிவு வேண்டும். ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தருவது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. கோழியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும், எரு விவசாயிக்கு மிஞ்சும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவர் முடிவு செய்வதில்லை. அப்படியிருக்க எருவைச் சுத்தப்படுத்தும் சுமையை மட்டும் அவர்மீது ஏற்றுவது அநீதி. தீவனம் தரும் நிறுவனமே ஒவ்வொரு தொகுதிக்கும் மருந்துச் சீட்டு தர வேண்டும். மட்கவைக்கும் செலவில் பங்கேற்கவும் வேண்டும்.

கட்டுப்பாடு வந்தால் தொழில் படுத்துவிடும் என்ற அச்சத்துக்கும் அனுபவம் பதில் சொல்லியிருக்கிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே முற்றாகத் தடை செய்தது. கால்நடை வளர்ப்பில் முன்னணியில் உள்ள நெதர்லாந்து, 2009-க்குப் பின் பத்தாண்டு காலத்தில் கால்நடை ஆன்டிபயாடிக் விற்பனையை ஏறக்குறைய 70 விழுக்காடு குறைத்தது. அங்கே கோழி வளர்ப்பு நின்றுவிடவில்லை. தடுப்பூசி, நெரிசலில்லாத கொட்டகை, சுத்தமான குடிநீர் ஆகியவை மருந்தின் தேவையையே குறைக்கும்.

மத்திய அரசு செய்ய வேண்டியவை இரண்டு: வளர்ச்சிக்காக எந்த ஆன்டிபயாடிக்கையும் தீவனத்தில் சேர்ப்பதைச் சட்டப்படி தடுப்பது, உரக் கட்டுப்பாட்டு ஆணையில் கால்நடை எருவுக்கு மருந்து எச்ச வரம்பையும் மட்கும் முறையையும் சேர்ப்பது. தமிழக அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மண் வளத்துக்காக 2024-இல் அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தும்படி, கோழிப்பண்ணை மிகுந்த வட்டாரங்களில் பொது மட்குக் கூடங்கள் அமைக்கலாம். பெரிய பண்ணைகளிலிருந்து மட்காத எரு வெளியேறுவதைப் படிப்படியாக நிறுத்தலாம். கால்நடைத் துறையும் வேளாண் துறையும் கூட்டாக ஆணையிட்டு, எருவண்டியோடு மருந்துச் சீட்டு செல்வதைக் கட்டாயமாக்கலாம். அந்தக் கூட்டு ஆணை அடுத்த ஆடிப்பட்டத்துக்கு முன்பே வர வேண்டும். எருவண்டி எந்தத் துறையின் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.