குமட்டல் கோழைத்தனம் அல்ல

கடல்நோயும் களைப்பும் மனத்திடம் இல்லாதவர்களுக்கே வரும் என்ற வாதம் தவறு மட்டுமல்ல, ஆளைக் கொல்லக்கூடியது. பிரிட்டிஷ் தளபதி நெல்சன் வாழ்நாள் முழுக்கக் கடல்நோயால் அவதிப்பட்டவர். அவருக்கா துணிச்சல் இல்லை? கண் சொல்வதும் உட்செவி சொல்வதும் முரண்படுவதால் வரும் குமட்டல் அது. மாத்திரையைப் புறப்படும் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிவிட்டால் வயிற்றில் தங்காது. அதிலும் பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பவை. போட்டவரைச் சுக்கானில் நிறுத்தாதீர்கள்.

களைப்போ இன்னும் கொடியது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியதற்குப் பணியிலிருந்த அதிகாரியின் களைப்பும் ஒரு காரணம் என்றது அமெரிக்க விசாரணை. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் மீன்பிடிப் படகில் 24 மணி நேரத்துக்கு 10 மணி நேர ஓய்வு தேவை என்கிறது 2007ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை. படகு உரிமையாளர்களே, வீரம் பேசுவதை விடுங்கள். முறைவைத்துத் தூங்கவிடுங்கள், கூடுதலாக ஓர் ஆளை ஏற்றுங்கள்.