அப்ஹாம் சுட்டது யாரை?

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) திரைப்படத்தில் பார்வையாளர்களின் வெறுப்பை மிகுதியும் பெறும் பாத்திரங்களுள் ஒருவன், அமெரிக்கப் படையின் மொழிபெயர்ப்பாளனான கார்ப்பரல் அப்ஹாம். தோட்டாச் சரங்களைத் தோளில் சுமந்தபடி அவன் படிக்கட்டில் உறைந்து கிடக்க, மேல்தளத்தில் சகவீரன் மெலிஷ் கத்திக்குத்துக்குப் பலியாகிறான். இறுதியில் அப்ஹாம் ஒரு ஜெர்மானியனைச் சுட்டதும், கோழை வீரனாகிவிட்டான் என்று பலரும் நிறைவு கொள்கின்றனர். இவ்வாசிப்பு மறுபரிசீலனைக்குரியது.

சுடப்பட்டவன் மெலிஷைக் கொன்றவன் அல்லன். இருவரையும் ஒருவரெனக் கருதுவது பரவலான பிழை. அவன் முன்னர் ராடார் நிலையருகே பிடிபட்ட கைதி. மருத்துவ உதவியாளன் வேடின் மரணத்தால் வெகுண்ட தோழர்கள் அவனைக் கொல்ல முனைந்தபோது, அது முறையன்று என வாதிட்டவன் அப்ஹாம். கேப்டன் மில்லர் கைதியை விடுவிக்கிறார். அவனோ மீண்டும் போர்க்களம் புகுந்து மில்லரையே சுடுகிறான். அப்ஹாம் அதைக் கண்ணால் காண்கிறான். அவன் சினத்திற்குக் காரணம் உண்டு. எனினும், அவன் சுடும் கணத்தில் எதிரே நிற்பவன் ஆயுதமிழந்து கையுயர்த்தியவன். போர்க்கைதிகள்மீது பழிவாங்கும் நடவடிக்கைகளை 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை தடைசெய்கிறது. எந்த நெறிக்காக அப்ஹாம் தோழர்களோடு முரண்பட்டானோ, அந்த நெறியை அவனே மீறுகிறான்.

படத்தின் தொடக்கத்தில், நார்மண்டிக் கடற்கரையில், செக் மொழியில் உயிருக்கு மன்றாடும் இருவரை அமெரிக்க வீரர்கள் சுட்டுவிட்டுக் கேலி பேசுகின்றனர். அங்கே மொழிபெயர்க்க எவருமில்லை. திரையிலும் துணையுரை இல்லை. எதிரியின் குரலை மனிதக் குரலாகக் கேட்க வல்லவன் அப்ஹாம். இறுதிக் காட்சியில் அந்தக் கைதி அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறான். விடையாக வருவது தோட்டா. மொழிபெயர்ப்பாளன் தன் பணியைத் துறக்கும் இடம் அது.

படிக்கட்டில் அவன் தவறியதை மறைப்பதற்கில்லை. அதன் விலை ஒரு தோழனின் உயிர். ஆனால் அச்சமும் அறமின்மையும் ஒன்றல்ல. போர் அனுபவமற்ற அப்ஹாம், ஆயுதமேந்திச் சினந்து நின்ற தன் படையினரையே எதிர்த்துப் பேசிய கணத்தில்தான் அவனது துணிவு வெளிப்பட்டது. அச்சம் நீங்கிய கணத்தில் அவன் நெறியும் நீங்கியது. அதனை 'வளர்ச்சி' எனப் பெயரிடுவோர், அவன் எதுவாக வளர்ந்தான் என்பதற்கும் விடை கூற வேண்டும்.